ஒரு சூளையும் ஐந்து ஓஃப் சுவிட்சும்

வெலிமடையில் மின்சாரச் சூளை வைத்திருப்பவர் வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கு ஆள் அனுப்புங்கள். "ஊரிலேயே நான் ஒருவன்தான்" என்று பெருமையடிக்கத்தான் அதை வாங்கினேன். இப்போது கூடச் சேர்ந்து கவலைப்பட ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

இந்த ஊரில் சும்மா இருப்பதற்கு எல்லா வசதியும் உண்டு. வேலையை விட்டு ஓய்ந்த மனுசன் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு கெப்பட்டிப்பொலச் சந்தைக்குப் போகிற லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். நானும் கொஞ்ச காலம் பார்த்தேன். லொறி அலுத்துவிட்டது. "கைவேலை ஏதாச்சும் செய்யுங்களேன்" என்று வீட்டம்மா சொன்னாள். அவள் சொன்னது தேங்காய் துருவுவதை. நான் மட்பாண்டம் என்று எடுத்துக்கொண்டேன்.

சூடு எனக்கொன்றும் புதிதில்லை. தோட்டத்து ஸ்டோரில் டீமேக்கராக இருந்தவன் நான். ட்ரையரில் தேயிலை காயும்போது சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் மூக்கு சொல்லிவிடும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காற்று அடித்து, ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்போன மணம் ஏறுகிற சீசனில், "உன் மூக்கு இருக்கும்போது தெர்மோமீட்டர் எதற்கு?" என்று பெரிய தொரை எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு அந்த மாதமே ஸ்டோருக்குப் புதுத் தெர்மோமீட்டர் வாங்கிப்போட்டார்.

சூளை மச்சான் மூலமாக வந்தது. நுவரெலியாவில் வீட்டைக் காலி செய்த யாரோ ஒருவர் விட்டுப்போன பழைய அமெரிக்கச் சாமான். வெளியே தகரம், உள்ளே வெள்ளைச் செங்கல், செங்கல் வரிகளுக்குள் சுருள் சுருளாகக் கம்பி, பக்கத்தில் ஒரு பெட்டி. லொறியிலிருந்து இறக்கும்போது அக்கம்பக்கத்தார் அதை வாஷிங் மெஷின் என்று நினைத்து வீட்டம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்த ஏமாற்றத்துக்கு நான் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"சட்டி செய்றதுக்கா இது?" என்று கேட்டாள். "எருமைத் தயிர் வாங்கினா சட்டி சும்மா வருது. குசினிக்குப் பின்னால அடுக்கி வச்சு இடமில்லாமக் கிடக்கு. அதைச் செய்யவா உங்களுக்கு மெஷின்?"

இலங்கையில் எந்த வீட்டிலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. தயிர் தீர்ந்த பிறகு அந்தச் சட்டியை எறியவும் மனம் வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது. ஆனால் அவள் காட்டிய சட்டியில் இன்னொரு பாடமும் இருந்தது. அதைச் செய்த ஆள் வைக்கோலும் மட்டையும் விறகும் போட்டுச் சுடுகிறார். விறகு போடுவதை நிறுத்தினால் அவருடைய சூளை நிற்கும். அவர் தூங்கிப்போனாலும் நிற்கும். விறகு சோம்பேறிக்குக்கூட நல்லது செய்யும். கரண்ட் அப்படியில்லை. நீங்கள் தூங்கினாலும், கலியாண வீட்டுக்குப் போனாலும், செத்தே போனாலும், யாராவது 'போதும்' என்று சொல்லும் வரைக்கும் அது உழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே மின்சூளையில் விலைமதிப்புள்ள பாகம் அந்தப் 'போதும்' சொல்லுகிற பாகம்தான். பழைய சூளையில் பழுதாகிக் கிடப்பதும் அதுதான்.

என்னுடைய சூளைக்குப் 'போதும்' சொல்லும் கருவிக்கு சிட்டர் என்று பெயர். பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு பீங்கான் குழாய் செங்கல் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது. அதன் உள்முனையில் இரண்டு தாங்கிகள். அவற்றின்மேல் சின்னதாக ஒரு களிமண் கூம்பைப் படுக்கவைக்க வேண்டும். கூம்பின்மேல் ஒரு கம்பி கிடக்கும். அந்தக் கம்பியின் மறுமுனை வெளியே வந்து ஒரு கொக்கியாகி, ஓர் எடையை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கும். சூடு ஏறி, கூம்பு இளகி வளைந்தால் கம்பியின் உள்முனை இறங்கும், வெளிமுனை எழும்பும், கொக்கி விடும், எடை விழும், உள்ளே அழுத்திவைத்த பொத்தான் வெளியே துள்ளும், கரண்ட் நிற்கும். தொடங்குவதற்கு ஒரு விரல் போதும். நிற்பதற்கு இத்தனை பேர் ஒத்துழைக்க வேண்டும்.

முதல் தடவை எல்லோரும் அவசரமாக ஒத்துழைத்துவிட்டார்கள். மத்தியானத்துக்கு முன்பே 'டக்' என்று பொத்தான் துள்ளியது. அமெரிக்கச் சாமான் என்றால் வேகம்தான் என்று மெச்சிக்கொண்டு, மறுநாள் கப்புகளை எடுத்து, மச்சானை வரவழைத்து, முதல் கப்பில் பிளேன்டீ ஊற்றிக்கொடுத்தேன். அவர் அரசியல் பேசிக்கொண்டே ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய்க்குள் கப்பின் அடி கரைந்து சாரத்தில் விழுந்துவிட்டது. களிமண்ணோடு ஒட்டியிருக்கும் நீர் முழுதாகப் பிரிந்துபோவதற்கே 600 பாகை செல்சியஸுக்குக் கிட்டப் போகவேண்டும். அதற்குக் குறைவாகச் சுட்டது சட்டியில்லை, காய்ந்த சேறு. உள்ளே நடந்தது என்னவென்றால், கூம்பு நடுவில் உட்காராமல் தாங்கியிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. கூம்பு வளைந்ததா, விழுந்ததா என்று சிட்டருக்குத் தெரியாது. கம்பி இறங்கினால் போதும், வேலை முடிந்தது என்று அதுவும் வீட்டுக்குப் போய்விடும்.

கொக்கிக்கும் அது பிடிக்கிற நாக்குக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைச் சரிபார்க்க நடுவில் ஓட்டையுள்ள ஒரு வட்டத் தகடு கூடவே வரும். அதைத் தாங்கியில் மாட்டிப் பார்த்தால், கொக்கி நாக்கை மயிரிழையில் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் திருகாணியைத் தளர்த்தி நாக்கை ஏற்றி இறக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் இதெல்லாம். எங்கள் வீட்டில் அந்தத் தகட்டைத் தேடுவதற்கே ஒரு கிழமை போனது. பேரன் அதைக் கரம் போர்டில் ஸ்ட்ரைக்கராக வைத்திருந்தான். நன்றாக அடிக்கிறதாம்.

அடுத்த தடவை கூம்பு நடுவில்தான் இருந்தது. நகரத்தான் இல்லை. தாங்கிகளுக்கு வெண்களியைக் கரைத்துப் பூச வேண்டும். இல்லாவிட்டால் இளகிய கூம்பு ஒட்டிக்கொள்ளும். போதாததற்குப் பழைய சொந்தக்காரர் காலத்துப் பீங்கான் மெருகு ஒரு சொட்டுக் குழாய்க்குள் வழிந்து உறைந்து, கம்பி அதில் உரசிக்கொண்டு நின்றது. நான் பயப்படவில்லை. ஏனென்றால் சிட்டர் கைவிட்டாலும் காப்பாற்றுவதற்குப் பெட்டியில் ஒரு டைமர் இருந்தது. 10 மணித்தியாலத்துக்குத் திருப்பிவைத்தால் 10 மணித்தியாலத்தில் அணைத்துவிடும். திருப்பிவைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். 10 போனது. 11 போனது. நான் டைமரைப் பார்த்தேன். டைமர் என்னைப் பார்த்தது. அது இன்னும் அவகாசம் இருக்கிறது என்றது.

அமெரிக்காவில் கரண்ட் விநாடிக்கு 60 சுற்றுச் சுற்றுகிறது, இலங்கையில் 50. அந்தச் சுற்றை எண்ணி ஓடுகிற மணிக்கூட்டு மோட்டர் இங்கே வந்தால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். அமெரிக்காவின் ஒரு மணித்தியாலம் வெலிமடைக்கு வந்ததும் 72 நிமிடமாகிவிட்டது. 10 மணித்தியாலம் 12 ஆகிவிட்டது. "ஊருக்கு வந்ததும் அதுவும் உங்களை மாதிரி ஆயிருச்சு" என்று வீட்டம்மா சொன்னதை நான் பதிவு செய்ய விரும்பவில்லை.

இனிக் கூம்புக் கதைக்கு வருகிறேன். பேர்லினில் அரச பீங்கான் தொழிற்சாலையில் இருந்த ஹெர்மன் சேகர் 1886-ல் இந்தக் கூம்புகளைக் கொண்டுவந்தார். பத்து வருசம் கழித்து ஒகையோவில் எட்வர்ட் ஓர்ட்டன் அமெரிக்கக் கூம்புகளைத் தொடங்கினார். முதலில் 1, 2, 3 என்று சூட்டோடு எண்ணும் ஏறியது. பிறகு 1-க்கும் குறைந்த சூட்டில் இளகும் கூம்புகள் வேண்டும் என்றார்கள். 1-க்குக் கீழே எண் தீர்ந்துபோனதால், முன்னால் ஒரு சைபரைப் போட்டு 01, 02, 03 என்று கீழ்நோக்கி எண்ணினார்கள். ஆகவே சைபர் இல்லாத எண் பெரிதானால் சூடு கூடும். சைபர் உள்ள எண் பெரிதானால் சூடு குறையும். படித்தவர்கள் செய்த ஏற்பாடு.

எங்கள் சிவப்பு மண்ணுக்கு 06 தேவை. அது வளைவது 1000 பாகைக்குக் கிட்ட. மச்சான் கொழும்பில் நின்றுகொண்டு ஃபோனில் கேட்டார்: "சைபர் ஆறா, ஆறா?" எண்ணுக்கு முன்னால் நிற்கும் சைபருக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வாத்தியாரை நான் அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டேன். "எல்லாம் ஒண்ணுதான், கிடைக்கிறதை வாங்குங்க" என்றேன். 6-ஆம் கூம்பு வளைவது 1220 பாகையில். அன்றைக்கென்று சிட்டர் கச்சிதமாக வேலை செய்தது. அன்றைக்கென்று வோல்டேஜும் குறையவில்லை. மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே கப் இல்லை, சோசர் இல்லை, பூந்தொட்டி இல்லை. எல்லாம் குமிழ் விட்டு, உருகி, தட்டோடு ஒட்டி, ஒரே குடும்பமாகிக் கிடந்தது. பேரன் பார்த்துவிட்டு, "தாத்தா, இது என்ன?" என்றான். "நவீன சிற்பம்" என்றேன். வீட்டம்மா அதைக் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

மனசு நொந்துபோய்ப் புத்தகம் புரட்டியபோதுதான் ஜொசையா வெட்ஜ்வுட் கிடைத்தார். இங்கிலாந்தின் பெரிய பீங்கான் முதலாளி, சார்ள்ஸ் டார்வினின் தாய்வழிப் பாட்டனார். களிமண் சூட்டில் சுருங்கும் அளவை வைத்துச் சூளையின் சூட்டை அளக்க 1782-ல் ஒரு வழி கண்டுபிடித்தார். மறு வருசமே ரோயல் சொசைட்டியில் அவரை அங்கத்தவராகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் கணக்குப்படி வார்ப்பிரும்பு உருகுவது ஏறத்தாழ 18,000 பாகை பாரன்ஹைட்டில். உண்மையில் அது 2,200-க்குக் கிட்டத்தான். சூரியனின் மேற்பரப்பே 10,000 பாகை அளவில்தான் இருக்கிறது. ஸ்டஃபோர்ட்ஷயரில் இருந்துகொண்டு சூரியனைத் தாண்டிய மனிதர்! அவரோடு ஒப்பிட்டால் நான் பிசகியது வெறும் 220 பாகை. ஆனால் என்னை அங்கத்தவராக வைத்திருப்பது எங்கள் தெரு மரண உதவிச் சங்கம் மட்டும்தான்.

சூளை நிற்காமல் இருப்பதற்கு எப்போதும் சிட்டர்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. பின்னேரம் ஆறரையிலிருந்து பத்தரை வரைக்கும் ஊரெல்லாம் விளக்கும் கேத்தலும் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். 240-க்குச் செய்த சூளைக்கு 200 வந்தால் ஆறில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். சூடு அப்படிக் கணக்குப் பார்க்காது. அது வோல்டேஜின் வர்க்கத்தைப் பார்க்கும். முப்பது வீதம் போய்விடும். சுவர் வழியாகப் போகிற சூடும் கம்பி கொடுக்கிற சூடும் சரிசமமாகி, சூளை ஓரிடத்தில் நின்றுகொள்ளும். கூம்பு வளைய நேரம் வராது. கரண்ட் பில் மட்டும் வளையாமல் நேராக ஏறும். 2022-ல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் நாடே இருட்டில் கிடந்ததே, எங்கள் வீட்டில் பயமில்லாமல் தூங்கியது அந்தக் காலத்தில்தான்.

சிட்டரை மட்டும் நம்பக்கூடாது, டிஜிட்டல் பெட்டி ஒன்று பூட்டுவோம் என்று சொன்னது எலக்ட்ரீஷியன் பையன். தோட்டத்து லயத்தில் பிறந்து, தொழில் படித்து, இப்போது இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் வயர் இழுப்பவன். கெட்டிக்காரன். இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் நுனியை ஒட்டினால், சூட்டுக்கு ஏற்ப அதில் கொஞ்சூண்டு வோல்டேஜ் வரும். அதைப் பெட்டி படித்துச் சூட்டைக் காட்டும். வேண்டிய சூடு வந்ததும் அணைக்கும் என்று விளக்கினான். எவ்வளவு கொஞ்சூண்டு என்றால், 1000 பாகையிலும் 41 மில்லிவோல்ட்தான். ஒரு டோர்ச் பற்றறியில் 1500 இருக்கிறது.

கம்பியில் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. சிவப்பு என்றால் பிளஸ் என்பது பையன் படித்த பாடம். எனக்கும் அதுதான் பாடம். அமெரிக்க முறையில் இந்தக் கம்பிக்கு மட்டும் சிவப்பு மைனஸ். பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டோம். சூளை சுடச்சுடத் திரையில் எண் இறங்கியது. சைபர் வந்தது. சைபருக்குக் கீழும் போனது. தகரத்தில் கைவைக்க முடியவில்லை. பெட்டியோ நுவரெலியாவில் உறைபனி கொட்டுகிற ஜனவரியிலும் காணாத குளிரைக் காட்டிக்கொண்டு, "ஐயோ பாவம், உள்ளே குளிருது" என்று இன்னும் கரண்டை அள்ளி ஊற்றியது. நல்ல பெட்டியாக இருந்தால் பிழை என்று எழுதிவிட்டு நின்றிருக்கும். நான் வாங்கியது விலை குறைந்த பெட்டி. அதற்கு நம்பிக்கை அதிகம். கடைசியில் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து கம்பிகளில் வைத்துப் பார்த்தான் பையன். காந்தம் மெல்ல இழுக்கிற கம்பிதான் மைனஸ். இதை அறிய ஒரு காந்தம் போதும் என்றால், நிறத்தை எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை.

கம்பியை மாற்றியதும் எண் ஒழுங்காக ஏறியது. 1000 வந்தது. பெட்டி 'டிக்' என்று அணைத்து, வேலை முடிந்தது என்று பெருமையாக எழுதியும் காட்டியது. எண் 1005 ஆனது. 1010 ஆனது. பெட்டிக்குள் இருக்கும் ரிலே, திரும்பத் திரும்பப் போட்டு எடுத்ததில் பொறி பறந்து, அதன் இரண்டு முனையும் உருகி ஒன்றோடொன்று பற்றவைத்துக்கொண்டிருந்தது. மழை நேரம் கொழுந்து மலையில் ஏறிய அட்டை மாதிரி. விடு என்றால் விடாது. உப்புப் போடவும் முடியாது. மெயினை இழுத்து அணைத்தேன். அதற்குப் பிறகு பையன் சூடு பார்க்கும் தனிக் கருவியோடு ஒரு கொன்டாக்டரைத் தொடராகப் பூட்டினான்: குறித்ததைவிடச் சூடு கூடினால் அது தன் பாட்டில் வெட்டிவிடும். சிட்டருக்கும் ஒரு படி சூடு கூடிய கூம்பை வைத்து, பெட்டி தவறினால் மட்டும் தலையிடு என்று அதைக் காவலுக்கு நிறுத்தினோம்.

மார்கழி மழையும் மூடுபனியும் வந்தபோது ட்ரிப் சுவிட்சும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. சும்மா கிடந்த செங்கல் ஈரத்தைக் குடித்துவைத்திருக்கும். சூடாக்கத் தொடங்கினால் அந்த ஈரத்தின் வழியாகக் கொஞ்சம் கரண்ட் தகரத்துக்குக் கசியும். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே போதும், ட்ரிப் சுவிட்ச் வீட்டையே இருட்டாக்கிவிடும். அது செய்வது சரிதான். அதைத் தாண்டிப் போக வழி தேடக்கூடாது. மூடியைத் திறந்துவைத்து, காய்ந்த நாளாகப் பார்த்துச் செங்கலைக் காயவைக்க வேண்டும். ஆனால் வீட்டம்மா நாடகம் பார்க்கும் நேரத்தில் அது விழுந்தால், செய்தது சரியா பிழையா என்று வாதாட யாரும் எனக்கு இடம் தருவதில்லை.

ஆக, சிட்டர் ஒன்று, டைமர் ஒன்று, டிஜிட்டல் பெட்டி ஒன்று, கொன்டாக்டர் ஒன்று, ட்ரிப் சுவிட்ச் ஒன்று. ஐந்து ஓஃப். இத்தனைக்குப் பிறகும் சூளையோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், 'சூளையைத் தனியே விட்டுப் போகாதீர்கள், அணைகிற நேரத்தில் பக்கத்தில் இருங்கள்' என்றுதான் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. பக்கத்தில் ஆள் இருப்பதென்றால் பிறகு இந்த ஐந்தும் எதற்கு என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். "ஆள் நீங்கங்கிறதால" என்று பதில் வந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காய்ந்த நாள், நல்ல வோல்டேஜ், சரியான கூம்பு, சைபரோடு. சூளை அழகாக ஏறிக்கொண்டிருந்தது. முற்பகலில் திடீரென்று நின்றுவிட்டது. எனக்கு உள்ளூரச் சந்தோசம்தான். இத்தனை நாள் படித்த வித்தையைக் காட்ட ஒரு சந்தர்ப்பம். மெயினை அணைத்துவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினேன். சிட்டரின் பொத்தான் துள்ளவில்லை, உள்ளேதான் இருந்தது. டைமரில் நேரம் மிச்சம். ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. பெட்டியின் திரை மட்டும் கறுப்பு. அப்படியென்றால் பெட்டிக்குள் ஃபியூஸ்! பெட்டியைக் கழற்றினேன். ஃபியூஸ் நன்றாக இருந்தது. கொன்டாக்டரைக் கழற்றினேன். திருகாணிகள் புல்லுக்குள் உருண்டன. பையனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவன் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றைப் பாதியில் விட்டு மோட்டார் சைக்கிளில் ஏறி வந்து, டெஸ்டரை ஓரிடத்தில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சொன்னான்: "ஐயா, தெருவுலயே கரண்ட் இல்லைங்க."

தெருவில் மட்டுமில்லை. இலங்கை முழுக்க இல்லை. கரண்ட் திரும்பி வந்தால், சிட்டரின் பொத்தான் உள்ளேயே இருப்பதால், சூளை யாரையும் கேட்காமல் தானே தொடங்கிவிடும். நல்ல வேளையாக மெயினை அணைத்துத்தான் வைத்திருந்தேன். அந்த ஒரு காரியத்துக்காகப் பையன் என்னைப் பாராட்டினான். வந்த கூலியையும் வாங்கிக்கொண்டான்.

பின்னேரம் செய்தியில் சொன்னார்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால்தான் நாடு முழுக்க இருட்டாகிவிட்டது என்று அமைச்சரே சொல்லியிருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரை ஓரத்தில் இருந்துகொண்டு, கூம்பு இல்லாமல், டைமர் இல்லாமல், 41 மில்லிவோல்ட் இல்லாமல், என் சூளையை ஒரே தொடலில் அணைத்திருக்கிறது அந்தக் குரங்கு.

பேரன் என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, நான் எழுதிவைத்திருந்த ஐந்து ஓஃப்களுக்குக் கீழே ஆறாவதாக 'குரங்கு' என்று எழுதிவிட்டான். வீட்டம்மா அதை வாங்கிப் படித்துப் பார்த்தாள். "அதை மேல எழுதுடா," என்றாள். "இதுவரைக்கும் இந்தச் சூளையைச் சொன்ன உடனே நிறுத்தினது அது ஒண்ணுதான்."